அந்தப் புலிக்கு நாற்பத்திரண்டு பற்கள்

பணி ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வரும் போன்களில் பாதி மண்டையோடு சம்பந்தப்பட்டவை.

முப்பத்தொரு வருடம் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் ஆய்வக உதவியாளராக இருந்தேன். அங்கே நான் என்ன செய்கிறேன் என்று அத்தனை வருடத்தில் என் கூடப்பிறந்த தங்கைகூடக் கேட்டதில்லை. யாராவது விசாரித்தால், "அக்கா காலேஜுல ஏதோ கழுவறாங்க" என்று சொல்லி முடித்துவிடுவாள். இப்போது என்னவென்றால், திருப்பூரில் புதுவீடு கட்டுகிறவர்களுக்கு ஹால் சுவரில் ஒரு எருமைத் தலையோ கிடாத் தலையோ வேண்டியிருக்கிறது. தோலும் ரோமமுமாக அல்ல. வெறும் எலும்பாக, வெள்ளை வெளேரென்று, கொம்போடு, பின்னால் மஞ்சள் விளக்கோடு. வீட்டு அலங்காரம் செய்து தரும் பிள்ளைகள் என் எண்ணை எப்படியோ பிடித்துவிடுகிறார்கள். போன மாதம் ஒரு பையன் கூப்பிட்டு, நான் சுத்தம் செய்து கொடுத்த ஆட்டு மண்டையில் மேல் முன்பற்கள் மொத்தமும் காணவில்லை, தொலைத்துவிட்டீர்களா என்று கோபப்பட்டான். ஆட்டுக்கு மேல்வாயில் முன்பல்லே கிடையாது தம்பி என்றேன். அவன் நம்பவில்லை. "கஸ்டமர் கம்ப்ளீட் செட்டா கேக்கறாங்க மேடம்" என்றான்.

என் இடத்தில் இப்போது வேலை பார்க்கிற கவிதா போன வாரம் கூப்பிட்டாள். "அக்கா, நீங்க எப்படிப் பண்ணுவீங்கன்னு ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. இங்க நான் பண்ணுன எருமைத் தலை வெயில் பட்டா எண்ணெய் விடுதுங்க. ஸ்டூடன்ட்ஸ் வடை மாதிரி இருக்குதுன்னு சிரிக்கறாங்க" என்றாள். அவளுக்காக எழுத உட்கார்ந்தேன். செய்முறை ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. மீதி தானாக வந்தது.

நான் கல்லூரிக்குப் போவதற்கு முன்பு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருந்தேன். துணியில் ஊசி விட்ட ஓட்டை, எண்ணெய்க் கறை, நூல் விட்ட கோடு எங்கே இருக்கிறது என்று நாள் முழுக்கப் பார்க்கிற வேலை. வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்து கல்லூரியில் சேர்ந்தபோது, எனக்குத் தெரிந்த ஒரே வித்தை ஓட்டை கண்டுபிடிப்பதுதான். முதல் இரண்டு வருடம் வாந்தியெடுத்தேன். அதற்குப் பிறகு பழகிவிட்டது. பயிற்சி பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

எஸ்தர் மேடம் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவர்தான் அப்போது துறைத்தலைவர். தாராபுரம் பக்கம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சேர்ந்த அன்று காலை என்னைக் கூப்பிட்டு, "சரஸ்வதி, இவரைக் கொஞ்சம் புடிங்க, கீழ விழுந்துருவாரு" என்றார். நான் யாரோ பெரியவர் மயங்கிவிட்டார் என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். என் கையில் ஒரு செம்மறி ஆட்டு மண்டையை வைத்தார். எலும்பு எதுவாக இருந்தாலும் மேடத்துக்கு 'அவர்'தான். எருமை அவர், முயல் அவர், தவளை அவர். எலியை மட்டும் 'அவன்' என்பார். அவர் படித்த காலத்தில் கைப்பட எழுதி வைத்திருந்த ஆய்வேட்டில் ஒரு அத்தியாயத்தை எலி தின்றுவிட்டதாம். அந்தக் கோபம் கடைசிவரை தீரவில்லை.

பல் விஷயத்தில் மேடம் ராட்சசி. தொட்டியில் போடும்போது எத்தனை பல், எடுக்கும்போது எத்தனை பல் என்று பென்சிலால் எழுதி வைக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஒருமுறை கல்லூரி ஆண்டு விழா நாளில் முயல் மண்டை ஒன்றைக் கழுவினேன். முயலுக்கு மேல் முன்பல்லின் பின்னால் அரிசிக் குருணை அளவில் இன்னொரு ஜோடி பல் இருக்கும். அதில் ஒன்று தொட்டித் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விட்டது. விழாவுக்கு மாம்பழக் கலர் பட்டுப்புடவையில் வந்திருந்த மேடம், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சாக்கடை வாய் அருகே குப்புறப் படுத்துக்கொண்டார். டீ வடிகட்டியால் மண்ணை அள்ளி அள்ளிச் சலித்தார். மேடையில் அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டது எங்களுக்குக் கேட்டது. "கெடைச்சுட்டாரு" என்று எழுந்தபோது புடவையின் முன்பக்கம் முழுக்கச் சேறு. அப்படியே மேடைக்குப் போய் வரவேற்புரை பேசினார்.

இனி கவிதா கேட்ட செய்முறை.

முதலில் தலை வாங்க வேண்டும். கறிக்கடையில் ஆட்டுத்தலை கேட்டால் பழக்கத்தில் மூளை எடுக்க நடுவில் பிளந்துவிடுவார்கள். "பொளக்காம குடுங்க" என்று முன்பே சொல்ல வேண்டும். நான் வழக்கமாக வாங்குகிற பாய், "மூளை வேண்டாமுங்களா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். "மூளையில்லாம இருந்தாப் போதுமுங்க" என்பேன். அவரும் ஒவ்வொரு முறையும் சிரிப்பார்.

தோலையும் சதையையும் கத்தியால் எடுத்தவரை எடுத்துவிட்டு, கழுத்து சேருகிற பெரிய துவாரம் வழியாகக் கம்பியும் தண்ணீரும் விட்டு மூளையை வெளியேற்ற வேண்டும். பிறகு மூடி உள்ள டிரம்மில் வெறும் தண்ணீரில் ஊறவிட வேண்டும். மூன்று வாரம், குளிர் காலமென்றால் ஆறு. சதை தானாக அழுகிக் கழன்றுவிடும். வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மட்டும் மாற்ற வேண்டும். பல் உதிர்ந்து போகாமல் இருக்க நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பனியன் துணி பின்னி வரும்போது குழாய் மாதிரி வரும் அல்லவா, அந்தக் கழிவுத் துணியை ஒரு முழம் வெட்டி, மண்டையை உள்ளே விட்டு, இரண்டு பக்கமும் கட்டிவிட்டால் அழுக்கு வெளியே போகும், பல் உள்ளே நிற்கும். என் வேலைக்காலத்தில் மேடம் என்னை வாய்விட்டுப் பாராட்டியது இதற்கு மட்டும்தான்.

அதன்பின் பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரில் வெதுவெதுப்பாகப் போட்டுக் கொழுப்பை இறக்க வேண்டும். இதில்தான் கவிதா அவசரப்பட்டிருக்கிறாள். எருமைக்கு இரண்டு மாதம்கூட ஆகும். தண்ணீர் கலங்காமல் நிற்கும் வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கொழுப்பு இறங்காமல் வெளுத்தால் வடைதான்.

வெளுப்பதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. என் வீட்டுக்காரர் துரைசாமி வீரபாண்டியில் ஒரு பிளீச்சிங் பட்டறையில் மாஸ்டராக இருந்தார். வெளுக்காத கோராத் துணியை வெள்ளையாக்குவதும் அதே பெராக்சைடுதான். அதனால் அவருக்கு இந்த விஷயத்தில் அபிப்பிராயம் அதிகம். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், "சோடா காஸ்டிக் கொஞ்சம் போட்டு ஒரு கொதி விட்டாப் போதும் சரசு. ஒன்றரை மணி நேரத்துல பாலாட்டமா வந்துரும். நீ என்னமோ மாசக்கணக்கா ஊற வெக்கறியே" என்றார். மாஸ்டர் சொன்னால் சரியாக இருக்கும் என்று மேடத்துக்குத் தெரியாமல் ஒரு வெள்ளாட்டு மண்டையைக் கொதிக்க வைத்தேன். பாலாட்டம்தான் வந்தது. தூக்கும்போது மூக்கெலும்பு கையோடு வந்தது, தாடை தண்ணீரிலேயே தங்கிவிட்டது, மீதி ஊறவைத்த ரஸ்க் மாதிரி பிய்ந்தது.

மேடம் திட்டவில்லை. தட்டில் கிடந்ததைப் பார்த்தார். "எந்திரிங்க சரஸ்வதி. இவருக்காக ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் நிப்போம்" என்றார். நின்றோம். நிஜமாகவே கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த இயற்பியல் துறைக்காரர் ஒருவர், யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்து அவரும் நின்றார்.

ஆகவே, கொதிக்கவிடக் கூடாது. காஸ்டிக் கூடாது. பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது, எலும்பை அரித்துவிடும். பட்டறைப் பெராக்சைடு கடுமையானது, கையில் பட்டால் விரல் வெந்து வெள்ளையாகிவிடும். கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பங்குக்குப் பதினாறு பங்கு தண்ணீர் கலந்து, ஒரு நாள் மூழ்கவிட்டால் போதும். நிழலில் காயவிட வேண்டும். ஆடிய பல்லைப் பசை வைத்து அதனதன் குழியில் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

ஓய்வுக்குப் பிறகு இதையெல்லாம் ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் செய்ய ஆரம்பித்தேன். முதல் எருமைத் தலையின்போது டிரம் மூடி சரியாகப் பொருந்தவில்லை. பக்கத்து வீட்டு அம்மா, பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டது என்று புகார் கொடுத்துவிட்டார். அடுத்தடுத்து மூன்று நாள் லாரி வந்தது. எங்கள் தெருவில் இருந்த மூடிகளையெல்லாம் திறந்து, குழாய் விட்டு உறிஞ்சினார்கள். வாசனை குறையவில்லை. மூன்றாம் நாள் வந்த ஆள், "அம்மா, உள்ள பளிங்கு மாதிரி இருக்குதுங்க. இதுக்கு மேல என்னத்த எடுக்கறது?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நான் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். வேறு எதுவும் சொல்லத் தைரியம் வரவில்லை. அன்றைக்கே புது டிரம் வாங்கினேன். இன்றுவரை திருப்பூரிலேயே சுத்தமான சாக்கடை எங்கள் தெருவுடையதுதான்.

கடினமான வேலை எது என்று கேட்டால், அது எலும்பில் வந்த சிரமம் இல்லை. ஒரு குடும்பத்தால் வந்தது. அவர்கள் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரைக் கணியூர்ப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரவிக்குமார் என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர். இவர் பட்டறையில்தான் அவருடைய துணிகள் வெளுக்க வரும். சொந்தமாக எக்ஸ்போர்ட் கம்பெனி, ஊரில் தோட்டம், இப்போது திருப்பூரில் புதுவீடு. ஒருநாள் காரில் வந்தார். பின்சீட்டில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்கு சீட் பெல்ட் போட்டிருந்தது.

"எங்க அப்பாரு சுட்ட புலிங்கக்கா" என்றார். அப்பாரு என்றால் அப்பாவின் அப்பா. "ஆட்டுப்பட்டிக்கு வந்த புலியச் சுட்டுப்போட்டாருங்க. ஊரே மாலை போட்டுதுங்க. எங்கப்பாவுக்கு உசுரே இதுலதான் இருக்குது. புதூட்டு ஹால்ல வெக்கோணுமுன்னு ஒரே புடி. கொஞ்சம் வெளுத்துக் குடுங்க."

எங்கள் பக்கத்தில் சிறுத்தையையும் புலி என்றுதான் சொல்வார்கள். எதுவானாலும் காட்டு விலங்கு. அனுமதிச் சான்று இல்லாமல் தொடமாட்டேன் என்றேன். "எல்லாம் அப்பா பீரோவுல இருக்குமுங்க, நாளைக்குக் கொண்டாறனுங்க" என்று பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போனதும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மண்டை முழுக்க மஞ்சள் பெயிண்ட். கண்குழியில் இரண்டு கோலிக்குண்டு. நாக்குக்குச் சிவப்பு வெல்வெட் துணி. விரல் நீளத்துக்கு நாலு கோரைப் பல். எல்லாம் சரி, முகம் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. பூனைக் குடும்பத்துக்கு முகம் குட்டையாக, வட்டமாக இருக்கும். இது நீளமாக இருந்தது. தாடையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். அரைக்கிற பற்கள் வரிசையாக இருந்தன. சிறுத்தைக்கு அங்கே அரைக்கிற பல் கிடையாது, கத்தரிக்கிற பல்தான். எண்ணினேன். சிறுத்தைக்கு முப்பது. இதற்கு நாற்பத்திரண்டு. மறுபடி எண்ணினேன். மூன்றாம் முறை எண்ணிவிட்டு, கோயம்புத்தூரில் மகனோடு இருக்கிற எஸ்தர் மேடத்துக்குப் போன் செய்தேன்.

"எத்தனை தடவை எண்ணுனீங்க?" என்றார்.

"மூணு தடவைங்க மேடம்."

"அப்ப அவர் நாய்தாங்க."

"அவங்க புலின்னு நம்பிட்டு இருக்காங்க மேடம். அந்தப் பெரியவருக்கு உசுரே இதுலதானாம். நான் என்னங்க பண்றது?"

மேடம், "கேக்காம சொல்ல வேண்டாம். கேட்டாப் பொய் சொல்ல வேண்டாம். நல்லாக் கழுவிக் குடுங்க" என்று வைத்துவிட்டார்.

நாய் மண்டைக்குச் சான்று வேண்டாம் அல்லவா, வேலையைத் தொடங்கினேன். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறியதில் பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது. கோரைப் பற்கள் நாலும் கழன்று கையில் விழுந்தன. பார்த்தால் சுண்ணாம்புக் காரையில் செய்த உறை. அதற்குள்ளே நாயின் சொந்தப் பற்கள் சின்னதாக, பத்திரமாக இருந்தன. இடது காதுக்குப் பின்னாலும் ஒரு காரைக் கட்டி பெயர்ந்து விழுந்தது. அங்கே ஒரு ஓட்டை. கட்டைவிரல் நுழையலாம். உள்பக்கமாகச் சிதறிய விளிம்பு. பனியன் துணியில் ஓட்டை பார்த்த காலத்திலிருந்து எனக்கு ஒரு பழக்கம், ஓட்டையைப் பார்த்தால் எதனால் வந்தது என்று யோசிப்பேன். இது துப்பாக்கிக் குண்டு.

யாரோ நாயைச் சுட்டிருக்கிறார்கள். நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

நாலாம் நாள் ரவிக்குமார் போன் செய்தார். குரலே சரியில்லை. வீட்டு அலங்காரம் செய்கிற பையன், புதுவீட்டில் என்னென்ன வரப்போகிறது என்று வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறான். 'நூறு வருடப் பாரம்பரியம், ஒரிஜினல் புலி' என்று எழுதி, கண்ணாடிப் பெட்டியையும் காட்டியிருக்கிறான். வனத்துறையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். நாளைக் காலை வருகிறார்களாம். பீரோவில் ரேஷன் கார்டும் நிலப்பத்திரமும் தவிர வேறு எந்தக் காகிதமும் இல்லை.

"அக்கா, அதைக் கரைச்சுப் போட முடியுங்களா? மாஸ்டர்கிட்ட ஏதாச்சும் ஆசிட் இருக்குங்களா?" என்றார்.

அவர் கேட்டுவிட்டார். இனி சொல்லித்தான் ஆக வேண்டும்.

"பயப்படாதீங்க தம்பி. அது புலியில்லீங்க. நாயுங்க."

"நெசமாங்களா? நாயுங்களா? நல்லாத் தெரியுமுங்களா?" என்று மூன்று முறை கேட்டார். "சாமி! காப்பாத்திட்டீங்கக்கா!" என்று கத்தினார். பின்னால் அவர் மனைவி சுமதியிடம், "நாயாமா! நாயாமா!" என்று சொல்வது கேட்டது. குழந்தை பிறந்த செய்தியைக்கூட அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். அப்புறம் குரல் இறங்கியது.

"ஏனுங்கக்கா... அப்பாகிட்ட இதை யாருங்க சொல்றது?"

மறுநாள் காலை மண்டையைக் கட்டைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு புதுவீட்டுக்குப் போனேன். ஹாலில் இன்னும் தச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு நாற்காலியில் ரவிக்குமாரின் அப்பா சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். எண்பது வயதிருக்கும். சலவை வேட்டி, சட்டை, நெற்றியில் விபூதி. காலடியில் ஒரு பை. அதில் இரண்டு வேட்டி, பிரஷர் மாத்திரை, ஒரு டார்ச் லைட். ஜெயிலுக்குப் போகத் தயாராக வந்திருக்கிறார்.

வனத்துறையிலிருந்து ஒரு இளம்பெண் வந்திருந்தார். வனவர். தென்காசிப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"வாங்க கண்ணு" என்று பெரியவர் எழுந்தார். "எங்கய்யன் சுட்ட புலிக்கு யாரு உள்ள போகோணும்? மகன் நாந்தான் போகோணும். எழுதிக்குங்க. என்ற பையனுக்கு இதுல சம்பந்தமில்லீங்க."

"பதறாதீங்க தாத்தா. மொதல்ல என்னன்னு பாத்துருவோம்" என்றார் வனவர்.

"அப்பா, அது புலியில்லீங்கப்பா. நாயாமுங்க" என்றார் ரவிக்குமார்.

பெரியவர் மகனைப் பார்த்த பார்வையில் நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "யாரு சொன்னா?"

ரவிக்குமார் என்னைக் காட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மண்டையை எடுத்து மேசையில் வைத்தேன். மஞ்சளும் வெல்வெட்டும் இல்லாமல், வெள்ளையாக, சின்ன முகமாக இருந்தது. பல்லைக் காட்டி விளக்கினேன். கல்லூரியில் எத்தனையோ முறை சொன்னதுதான். வனவர் தன் போனில் ஒரு சிறுத்தை மண்டையின் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். எண்ணிப் பார்த்துவிட்டு, "அம்மா சொல்லுதது சரிதான். நாப்பத்திரண்டு இருக்கு" என்றார்.

"நான் எண்ணறேன்" என்றார் பெரியவர். விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். நாற்பத்திரண்டில் வந்து நின்றார்.

"எங்கய்யன் காலத்துப் புலிக்கு நாப்பத்திரண்டு இருந்திருக்குமுங்க. இப்பத்தான் எல்லாமே கொறஞ்சு போச்சு."

"தாத்தா..."

"கேஸ் போடுங்க கண்ணு. நான் கையெழுத்துப் போடறேன்."

"நாய்க்குக் கேசு எழுத எங்ககிட்ட ஃபாரமே கிடையாது தாத்தா" என்றார் வனவர். அவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு தெரிந்தது. "ஆய்வு செய்ததில் நாயின் மண்டையோடு எனத் தெரியவந்தது" என்று எழுதி, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போனதும் சுமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "அந்தப் பீகார்க்காரத் தச்சன் வந்த அன்னைக்கே சொன்னானுங்கக்கா. இந்தப் பெட்டியப் பாத்து 'குத்தா, குத்தா'ன்னான். இந்தியில அப்படின்னா நாயாமுங்க. ஆணி குத்தட்டுமான்னு கேக்கறான்னு நெனச்சு, இங்க குத்துப்பான்னு செவுத்தைக் காட்டுனனுங்க. மூணு ஆணி குத்திட்டான்!"

ரவிக்குமாரும் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன். ஆனால் பெரியவர் பையிலிருந்த டார்ச் லைட்டை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு வெளியே போவதைப் பார்த்தேன். சரியாக எண்ணியதற்காக எனக்கு வருத்தம் வந்தது அன்று ஒருநாள்தான்.

நான் கிளம்பும்போது அவர் கேட் அருகே நின்றிருந்தார். செங்கல் அடுக்கின் மேல் உட்காரச் சொன்னார்.

"அம்மணி, அந்தக் காதுக்குப் பின்னால இருக்கற ஓட்டையப் பத்தி நீங்க எதுவும் சொல்லலையே?"

"யாரும் கேக்கலீங்க."

தலையாட்டினார். பிறகு, யாரிடமோ கணக்கு ஒப்பிப்பது போல நேராக ரோட்டைப் பார்த்துச் சொன்னார்.

"சிறுத்தை வந்தது நெசமுங்க. பொழுது உழுகற நேரம், பட்டியில ஆடு கத்துச்சு. எங்கய்யன் துப்பாக்கிய எடுத்துட்டு ஓடுனாரு. அவருக்கு முன்னால நாய் ஓடுச்சு. நாய் பாஞ்சு சிறுத்தையக் கவ்வுச்சு. இவரு சுட்டாரு. சிறுத்தை ஓடிப்போச்சு."

வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"அந்த நாய்க்கு எங்கய்யன் வெச்ச பேரு புலிங்க. அதை மடியில போட்டுக்கிட்டு, 'அய்யோ, புலியச் சுட்டுப்போட்டனே, புலியச் சுட்டுப்போட்டனே'ன்னு கத்தி அழுதாரு. அக்கட்டத் தோட்டத்துல இருந்தவங்களுக்குக் கேட்டுருச்சு. மாலை தூக்கிட்டு வந்துட்டாங்க, தப்பு அடிச்சுக்கிட்டு. அவரு இல்லைன்னு சொல்ல வாயத் தொறக்கறதுக்குள்ள தோள்மேல தூக்கிட்டாங்க. அதுக்கு மேல எப்படிச் சொல்றதுங்க?"

"அப்ப இந்த மண்டை?"

"புலி எங்கன்னு ஊருல கேட்டுக்கிட்டே இருந்தாங்க. புதைச்சுட்டேன்னாரு. உட மாட்டீங்கறாங்க. கடைசியில ஒரு வருசம் கழிச்சு அவரே தோண்டி எடுத்து, சாமி பொம்மை செய்யறவரைக் கூட்டியாந்து பல்லு வெச்சாரு. எனக்கு எட்டு வயசு. நாந்தான் பக்கத்துல உக்காந்து சுண்ணாம்பு கொழச்சுக் குடுத்தேன்."

"பொறவு எதுக்குங்க ஜெயிலுக்குப் போறேன்னு பையெல்லாம் எடுத்து வெச்சீங்க?"

"கேஸ் போட்டா அது புலின்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிருமில்லீங்க? எங்கய்யன் சாகற வரைக்கும் ஒருத்தரு மொகத்தையும் நேராப் பாத்துப் பேசுனதில்லீங்க. அவருக்கு அப்படி ஒரு கடுதாசி இருந்தாத் தேவலைன்னு பாத்தேன்" என்றார். "அந்த ஆபீசர் புள்ள நல்லாப் படிச்ச புள்ளையாப் போயிருச்சு."

அவர் யாரிடமும் சொல்லச் சொல்லவும் இல்லை, சொல்ல வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மண்டையை நான் வீட்டுக்கு எடுத்துப்போய் மீதி வேலையை முடித்தேன். நாலு சுண்ணாம்புப் பல்லையும் ஒரு சின்ன டப்பாவில் பஞ்சு வைத்துத் தனியாகக் கொடுத்தேன்.

புதுமனை புகுவிழாவுக்கு நானும் என் வீட்டுக்காரரும் போனோம். கண்ணாடிப் பெட்டியைப் பெரியவர் ஹாலிலேயே வைக்கச் சொல்லிவிட்டார். மண்டையை உள்ளே வைத்தது நான்தான். ஓட்டை உள்ள இடது பக்கம் சுவரைப் பார்க்கும்படி வைத்தேன். கீழே பித்தளைத் தகட்டில் பெரிய எழுத்தில் 'புலி' என்று இருந்தது. வனத்துறைக்குப் பயந்து ரவிக்குமார் அதற்கடியில் சின்ன எழுத்தில் 'நாய்' என்று சேர்த்திருந்தார். ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்களெல்லாம் அதைப் படித்துவிட்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பந்திக்குப் போனார்கள். என் வீட்டுக்காரர் மண்டையை உற்றுப் பார்த்து, "இன்னும் ஒரு ஷேடு வெள்ளை ஏறியிருக்கலாம் சரசு" என்றார்.

இரண்டு மாதம் கழித்து ரவிக்குமார் போன் செய்தார்.

"அக்கா, பெட்டிக்குள்ள மண்டைய அப்பா திருப்பி வெச்சுட்டாருங்க. பின்னால ஒரு பெரிய ஓட்டை இருக்குது, இத்தனை நாளா நான் பாக்கவே இல்லீங்க. வர்றவங்க எல்லாரும் அது என்ன ஓட்டைன்னு கேக்கறாங்க."

"அப்பா என்னங்க சொல்றாரு?"

"எங்கய்யன் புலியச் சுட்ட ஓட்டைங்கறாருங்க. அவங்க சிரிக்கறாங்க. உக்காருங்க, முழுக்கச் சொல்றேன்னு உக்கார வெச்சுச் சொல்றாருங்க. முடியறப்ப ஒருத்தருஞ் சிரிக்கறதில்லீங்க. நேத்து எங்ககிட்டத் துணி வாங்கற பையர் ஒருத்தரு வந்தாரு, வெள்ளைக்காரருங்க, நாந்தான் இங்கிலீசுல சொன்னேன். அந்தாளு எந்திரிச்சு பெட்டிக்கு முன்னால கொஞ்ச நேரம் சும்மா நின்னாருங்க. அப்பா அவருக்குப் பக்கத்துல போயி நின்னுக்கிட்டாரு."